பழைய அவுட்போர்டு மோட்டார் ஏதோ சத்தம் போடுதா? ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி இத படிங்க

செகண்ட் ஹேண்டு அவுட்போர்டு, அதாவது படகுக்கு பின்னாடி மாட்டுற மோட்டார், வாங்கின எல்லாருக்கும் அந்த ஒரு நாள் வரும். வித்தவர் முன்னாடி ஸ்டார்ட் பண்ணப்ப நல்லாத்தான் ஓடுச்சு, கொண்டு வந்து நிதானமா காது குடுத்து கேட்டா உள்ள ஏதோ கடகடங்குது. வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடும், உடனே மூடிய கழட்டிட்டு கைக்கு அகப்பட்ட நட்டையெல்லாம் இறுக்க ஆரம்பிச்சிடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அந்த அனுபவத்துல சொல்றேன், ஸ்பேனர கீழ வைங்க. முதல்ல வேண்டியது ஒரு பேனாவும் ஒரு துண்டு பேப்பரும்.

சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு இப்பவே தேடாதீங்க, அவுட்போர்டுல காது பயங்கரமா ஏமாத்தும். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே உலோகத் தூண், கீழ கியர்ல தட்டுறது மேல கேக்கும், மேல ஆடுறது போட்டோட பின்பலகைல மேளம் மாதிரி அதிரும். எப்ப வருதுங்கறத எழுதுங்க. ஸ்டார்ட் பண்ணும்போதா, ஐடிலிங்லயா, சூடானப்புறமா, நியூட்ரல்ல இருந்து கியர் போட்டதும் வருதா இல்ல கியர் போட்டதும் நின்னுடுதா, ஆக்சிலேட்டர் குடுத்தா வேகமாகுதா இல்ல அதே வேகத்துலயே இருக்கா, லோடு ஏறினாத்தான் வருதா. இந்த அஞ்சாறு கேள்விக்கு பதில் எழுதிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

சத்தம் எப்படி இருக்குன்னும் எழுதிக்கோங்க. ஸ்கூல்ல இரட்டைக்கிளவின்னு மனப்பாடம் பண்ணோமே, அது எனக்கு உருப்படியா உதவின ஒரே இடம் இதுதான். கடகடன்னா ஏதோ ஒண்ணு லூஸா தொங்கிட்டு இருக்கு. நறநறன்னா பல்லு பல்லுல சரியா உக்காரல. டொக் டொக்னு கனமா வந்தா வெயிட்டான பார்ட் எதுலயோ தேய்மானத்தால இடைவெளி விழுந்திருக்கு. கீச்சுன்னா ஏதோ காய்ஞ்சு போய் உரசுது. மெக்கானிக்கிட்டயும் "ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே"ன்னு நிக்காம இப்படி வாயால போட்டு காட்டுங்க, கூடவே போன்ல ரெக்கார்டு பண்ணதையும் குடுங்க, அவர் பாதி அங்கயே சொல்லிடுவார்.

மோட்டார் ஒரு மூணு மாடி வீடு

மேல் மாடில இன்ஜின், அதாவது பிளைவீல் (உச்சில சுத்துற கனமான சக்கரம்), பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்குறத சுத்தா மாத்துற தண்டு), கார்புரேட்டர், செல்ஃப் மோட்டார். நடு மாடில பெருசா ஒண்ணும் இல்ல, செங்குத்தா ஒரு ஷாஃப்ட் இறங்குது, கூடவே புகை போற வழி, தண்ணி மேல ஏறுற குழாய். கீழ் மாடில தண்ணி பம்ப், அதுக்கு கீழ கியர், கடைசியா தண்ணிய தள்ளுற விசிறி (ப்ரொப்பெல்லர்).

இதுல ஒரு விஷயத்த மட்டும் மனசுல ஏத்திக்கோங்க. ரிவர்ஸ் கியர் இருக்குற மோட்டார்கள்ல, நியூட்ரல்ல நின்னாலும் கீழ இருக்குற சின்ன பல்சக்கரமும், ஃபார்வர்டு, ரிவர்ஸ் ரெண்டு கியரும் சுத்திட்டே தான் இருக்கும். விசிறி ஷாஃப்ட் மட்டும் தான் சும்மா நிக்கும், கிளட்ச் டாக் (விசிறி ஷாஃப்ட் மேல நகர்ற பல்லு வச்ச துண்டு) போய் ஏதாவது ஒரு கியர்ல மாட்டினாத்தான் அது சுத்தும். அதனால நியூட்ரல்ல சத்தமே இல்லாம கியர் போட்டதும் ஆரம்பிச்சா சந்தேகம் விசிறி, விசிறி ஷாஃப்ட், அதோட பேரிங், கிளட்ச் டாக் மேல. நியூட்ரல்ல கீழேர்ந்து லேசா கடகடன்னு வந்து கியர் போட்டதும் அடங்கிடுச்சுன்னா, பெரும்பாலும் அது லோடு இல்லாம கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிறது தான், டூ ஸ்ட்ரோக்ல ஐடிலிங்ல இது சகஜம், இதுக்காக தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

விசிறி இன்ஜின் வேகத்துல பாதிக்கு கிட்டத்தட்ட தான் சுத்தும், மோட்டார பொறுத்து விகிதம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதனால இன்ஜின் துடிப்ப விட மெதுவா ஒரு அதிர்வு வந்தா கீழ பாருங்க. ஃபோர் ஸ்ட்ரோக்ல வால்வு சத்தமும் இன்ஜின் வேகத்துல பாதி தான், ஆனா அது மேலேர்ந்து டிக் டிக்னு மெல்லிசா வரும், ரெண்டையும் குழப்பிக்க மாட்டீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

வாங்கப் போற இடத்துலன்னா முதல் வேலை மூடிய திறந்து இன்ஜின் மேல கைய வைக்கிறது. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஓட்டி வச்சிருக்காங்க. பச்சையா, அதாவது சூடாகாம இருக்கும்போது மட்டும் வர்ற சத்தங்கள் இருக்கு, தேஞ்ச பிஸ்டன் சுவர்ல அறையுற சத்தம் சூடானதும் அடங்கிடும், அத மறைக்கத்தான் சில பேர் முன்னாடியே சூடேத்தி வைப்பாங்க. நல்ல மனசோட ஓட்டிப் பாத்தவங்களும் இருப்பாங்க, இருந்தாலும் ஆற விட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க.

அடுத்து கில் சுவிட்ச் (இன்ஜின உடனே நிறுத்துற சுவிட்ச்) கிளிப்ப எடுத்துடுங்க, பிளக் வயர கழட்டி இன்ஜின் பாடில எர்த் பண்ணிடுங்க, இது இல்லாம விசிறில கை வைக்கவே வைக்காதீங்க. இப்ப பிளைவீல ரெண்டு கையால புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. டக்குனு ஆடினா மேல் பேரிங் போயிருக்கலாம், இல்ல பிளைவீல் நட்டு லூஸா இருக்கலாம். கீழ விசிறி ஷாஃப்ட்ட முன்ன பின்ன இழுத்தா ஒரு சின்ன ஆட்டம் இருக்கும், அது பரவால்ல, பக்கவாட்டுல ஆடக்கூடாது. ஷாஃப்ட் வளைஞ்சிருக்கான்னு பாக்க விசிறிய கழட்டிட்டு ஒரு குச்சிய ஷாஃப்ட் நுனிக்கு கிட்ட அசையாம வச்சுகிட்டு நியூட்ரல்ல கையால சுத்துங்க, குச்சிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி கூடி குறைஞ்சா வளைஞ்சிருக்கு. ஃபார்வர்டு கியர்ல விசிறிய கையால ஒரு பக்கம் சுத்துனா கடக் கடக்னு தாவும், இன்னொரு பக்கம் புடிச்சுக்கும், பல மோட்டார்ல அது அப்படித்தான், உடைஞ்சு போச்சுன்னு பதறாதீங்க.

செல்ஃப் போடும்போது

இது சுலபமான பகுதி, சீக்கிரம் தாண்டிடலாம். சாவிய திருப்பினா ஒரே ஒரு டக், அதோட அமைதின்னா பேட்டரி டெர்மினல் பூஞ்சையா இருக்கான்னு பாருங்க, அப்புறம் சோலினாய்டு (செல்ஃபுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்). டகடகடகன்னு வேகமா அடிச்சா பேட்டரில தெம்பு இல்ல. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுற பேட்டரி கூட செல்ஃப் போடும்போது 10-க்கு கீழ விழுந்தா நம்பாதீங்க. உய்ய்ங்னு செல்ஃப் மட்டும் சுத்தி இன்ஜின் அசையலன்னா அதோட சின்ன பல்லு மேல ஏறி பிளைவீல புடிக்கல, பழைய கிரீஸ் பிசினா ஒட்டியிருக்கும், தொடைச்சிட்டு லேசா ஆயில் விடுங்க, திரும்ப கெட்டி கிரீஸ அப்பாதீங்க. நறநறன்னா பல்லு தேஞ்சிருக்கு. டங்னு ஒரு இடி, அதுக்கப்புறம் அசையவே இல்லன்னா திரும்பத் திரும்ப சாவிய போடாதீங்க, சிலிண்டர்ல தண்ணி நிக்கலாம், பிளக்க கழட்டிட்டு கையால மெதுவா சுத்திப் பாருங்க.

தண்ணியும் கீச் சத்தமும்

கரைல ஓட்டிப் பாக்கணும்னா தண்ணி உறிஞ்சுற ஓட்டைல ரப்பர் கப்பு மாட்டி குழாய் தண்ணிய விட்டுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க, இல்ல பெரிய டிரம்ல இறக்குங்க. "ரெண்டே செகண்டு தானே"ன்னு காய்ஞ்சு ஓட்டாதீங்க. தண்ணி பம்புக்கு உள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லருக்கு (இதழ் வச்ச சக்கரம்) தண்ணி தான் எண்ணெய் மாதிரி, அது இல்லாம சுத்தினா இதழ் எரிஞ்சு பிஞ்சிடும், பிஞ்ச துண்டு மேல போய் தண்ணி வழிய அடைக்கும். கப்பு மாட்டி ஓட்டும்போது விசிறிய கழட்டிடுங்க, ஐடிலிங்க விட ரொம்ப மேல ரேஸ் பண்ணாதீங்க, மூடின ஷெட்டுக்குள்ள ஓட்டவே ஓட்டாதீங்க, அந்த புகை ஆள கொல்லும்.

ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி சின்ன ஓட்டைல தண்ணி பீச்சுதான்னு பாருங்க. வரலன்னா நிறுத்திட்டு ஓட்டைல ஒரு நைலான் நரம்ப விட்டு குத்துங்க, மண்ணு அடைச்சிருக்கும், அப்பவும் வரலன்னா இம்பெல்லர். போன ஓனர் எப்ப மாத்தினார்னு தெரியாத மோட்டார்ல கேள்வியே கேக்காம இம்பெல்லர மாத்திடுங்க. விடாம பீப்னு அலாரம் அடிச்சாலும் அதுவும் ஒரு சத்தம் தான், சூடா, ஆயிலான்னு அப்புறம் ஆராயலாம், முதல்ல இன்ஜின ஆஃப் பண்ணுங்க.

தண்ணி நல்லா வருது, ஆனா மேலேர்ந்து கீச்சுங்குதுன்னா ஃபோர் ஸ்ட்ரோக்ல பெல்ட்ட பாருங்க. டூ ஸ்ட்ரோக்ல கீச் கேட்டா நான் உடனே நிறுத்திடுவேன், பெட்ரோல்ல ஆயில் சரியா கலக்கலன்னா சீஸ் ஆகுறதுக்கு (பிஸ்டன் இறுகி நின்னு போறதுக்கு) முன்னாடி அது கத்துற கடைசி கத்தலா கூட இருக்கலாம். 50-க்கு 1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி. பழைய மோட்டார் சிலதுக்கு 25-க்கு 1, அதாவது இதுல ரெண்டு மடங்கு. உங்களதுக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க, அடுத்தவர் மோட்டாருக்கு கலக்குறத பாத்து கலக்காதீங்க.

டொக் டொக்

எல்லாருக்கும் பயம் இதுதான், "ராடு போயிடுச்சு"ன்னு. ராடுன்னா பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற தண்டு, அது நிஜமாவே போயிருக்கலாம். ஆனா அப்படி முடிவு பண்றதுக்கு முன்னாடி என் கதைய கேளுங்க.

என்கிட்ட இருந்த ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்ல ஐடிலிங்ல அழகா டொக் டொக் டொக்னு வந்துச்சு, கனமா, சரியா இன்ஜின் வேகத்துக்கு. பாத்த ரெண்டு பேரும் தலைய ஆட்டிட்டு இன்ஜின இறக்கணும்னாங்க. நானும் நம்பி பாதி போல்ட்ட கழட்டிட்டேன். அப்புறம் ஏதோ தோணி திரும்ப மாட்டி, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரோட நுனிய இன்ஜின் பாடில வச்சு கைப்பிடிய காது பக்கத்து எலும்புல அழுத்தி கேட்டேன். கிராங்க் இருக்குற பக்கம் சத்தம் சுமார், சிலிண்டர் பக்கம் இன்னும் கம்மி, மேல பிளைவீலுக்கு கீழ இருக்குற பாடில வச்சதும் மண்டைக்குள்ள சுத்தியால அடிச்ச மாதிரி கேட்டுச்சு. நிறுத்தி பிளைவீல் நட்டுல சாக்கெட்ட வச்சா கால் சுத்து சும்மா வந்துச்சு. பிளைவீல் தன்னோட ஷாஃப்ட் மேலயே லூஸா ஆடி அடிச்சிட்டு இருந்திருக்கு. உள்ள இருந்த அரைவட்ட கீ ஒரு ஓரம் நசுங்கியிருந்துச்சு, புது கீ போட்டு, கூம்பு மாதிரி இருக்குற அந்த ஷாஃப்ட் முனைய எண்ணெய் இல்லாம தொடைச்சு, மேனுவல்ல சொன்ன டார்க்ல (இறுக்குற விசை அளவுல) இறுக்கினேன், அவ்வளவுதான், சத்தம் போச்சு. பிளைவீலுக்கு உள்ள ஒட்டியிருக்குற காந்தம் பெயர்ந்தாலும் இதே மாதிரி ஏமாத்தும், அதுல கூட ஒரு சர் சர்னு உரசல் சேந்து வரும்.

அந்த ஸ்க்ரூ டிரைவர் வித்தைய நீங்களும் பழகிக்கோங்க, ஆனா ஓடுற பிளைவீல், பெல்ட் கிட்ட கொண்டு போகாதீங்க, தொளதொள சட்டை, துண்டு, விரிச்ச தலைமுடி எதுவும் கூடாது.

மேல எல்லாம் இறுக்கமா இருந்தும் டொக் வருதா, அப்ப எந்த சிலிண்டர்னு பிரிச்சு பாக்கணும். இன்ஜின நிறுத்திட்டு ஒரு சிலிண்டரோட பிளக் வயர கழட்டி எர்த் பண்ணுங்க (சும்மா தொங்க விடாதீங்க, பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற சிடிஐ பெட்டி கெட்டுப் போகலாம், உங்களுக்கும் ஷாக் அடிக்கும்), திரும்ப ஸ்டார்ட் பண்ணி கேளுங்க, அப்புறம் அடுத்த சிலிண்டர். எந்த சிலிண்டர நிறுத்தினப்ப டொக் நல்லா கொறையுதோ அங்க தான் ராடு பேரிங்கோ பிஸ்டன் பின்னோ தேஞ்சிருக்கு. உறுதி பண்ணிக்க, பிளக் ஓட்டை வழியா ஒரு மரக்குச்சிய விட்டு பிஸ்டன் தலைல வச்சுக்கோங்க, பிஸ்டன் உச்சிய தாண்டி கொஞ்சம் இறங்கின நிலைல பிளைவீல ரொம்ப மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுங்க. பிளைவீல் நகருது, குச்சி அசையல, அப்புறம் டக்குனு அசையுதுன்னா அந்த நடுவுல இருக்குற வெறும் ஆட்டம் தான் நீங்க கேட்ட சத்தம். இதுக்கப்புறம் ஓட்டாதீங்க. "இந்த ஒரு தடவ மட்டும்"னு கரைய விட்டு போனவங்க துடுப்பு போட்டு திரும்பியிருக்காங்க.

கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள பிஸ்டன் அமுக்குற அழுத்தம்) அப்பவே பாத்துடுங்க. எல்லா பிளக்கையும் கழட்டி, வயர எல்லாம் எர்த் பண்ணி, ஆக்சிலேட்டர முழுசா திறந்து வச்சு ஒவ்வொரு சிலிண்டரா அளக்கணும். நம்பர் எவ்வளவுங்கறத விட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்ங்கறது தான் முக்கியம், 10 சதவீதத்துக்கு மேல போனா விசாரிக்கணும்.

ஃபோர் ஸ்ட்ரோக்ல டிக் டிக் கேட்டா வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) பாக்கணும், அவசரம் இல்ல. இறுக்கமா போன வால்வு சத்தமே போடாம எரிஞ்சு போகும், லேசா டிக்கடிக்கிறது அத விட எவ்வளவோ மேல். கார்புரேட்டர் வாய்லேர்ந்து தும்முற மாதிரி பொஃப் பொஃப்னு வந்தா பெட்ரோல் பத்தல, ஐடிலிங் ஜெட்டு அடைச்சிருக்கும், ரொம்ப நாள் சும்மா கிடந்த மோட்டார்ல முதல்ல வர்ற சத்தமே இதுதான். ஜெட்ட சுத்தம் பண்ணியும் டூ ஸ்ட்ரோக் தும்முதுன்னா ரீட் வால்வு (உள்ள போன பெட்ரோல் கலவை திரும்பி வராம தடுக்குற வால்வு) இதழ் ஓரம் உடைஞ்சிருக்கான்னு பாருங்க.

கியர் போட்டா

ஒரே ஒரு டக், அது நல்ல கியர். கர்ர்ர்னு அரைச்சுட்டு விழுந்தா ஒண்ணு ஐடிலிங் வேகம் ஜாஸ்தியா இருக்கு, இல்ல கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கு, இல்ல நீங்க லீவர ரொம்ப பதமா தள்ளுறீங்க. கடைசியா சொன்னது ஆச்சரியமா இருக்கும், மெதுவா தள்ளினா நல்லதுன்னு தான் நாம நினைப்போம், ஆனா கிளட்ச் டாக்கோட முனை மாட்டாம ஒவ்வொரு பல்லா தாவி தாவி மழுங்கிடும். ஐடிலிங்ல வச்சு ஒரே வீச்சுல தள்ளுங்க. லோடு ஏறும்போது கடார் கடார்னு கியர் தாவி வெளிய வந்தா அந்த முனை ஏற்கனவே மழுங்கியாச்சு, கீழ் மாடிய பிரிக்கணும்.

கீழேர்ந்து ங்கொய்ய்னு இழுவையா ஒரு முனகல் வருதுன்னா கியர் ஆயில் தான் சாட்சி. மோட்டார நேரா நிறுத்தி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலைல முதல்ல கீழ் ஸ்க்ரூவ மட்டும் லேசா திறங்க. தண்ணி எண்ணெய விட கனம், உள்ள போயிருந்தா அதுதான் முதல்ல சொட்டும். அப்புறம் மேல் ஸ்க்ரூவையும் திறந்து முழுசா வடிங்க. ஆயில் வெள்ளையா பால் மாதிரி இருந்தா ஏதோ சீல் போயிருக்கு. விசிறிய கழட்டி பின்னாடி வாஷருக்கு உள்ள பாருங்க, தூண்டில் நரம்பு சுத்தி சீல அறுத்து வச்சிருக்கும், நான் பாத்த பால் ஆயில்ல பாதிக்கு மேல இதுதான் காரணம். காந்த ஸ்க்ரூ இருந்தா அதுல மை மாதிரி வழவழன்னு ஒட்டியிருக்குறது சாதாரண தேய்மானம். விரல்ல தேய்ச்சா உறுத்துற செதில், துணுக்குன்னா கியரோ பேரிங்கோ உதிருது. திரும்ப ஆயில் ஊத்தும்போது கீழ் ஓட்டை வழியா ஏத்துங்க, மேல் ஓட்டைல குமிழி இல்லாம வழிஞ்சதும் முதல்ல மேல் ஸ்க்ரூவ போட்டுட்டு அப்புறம் கீழ, ரெண்டுக்கும் புது வாஷர்.

தண்ணியில இறக்கினப்புறம்

கரைல எவ்வளவு பாத்தாலும் லோடுல வர்றது லோடுல தான் வரும். ஆக்சிலேட்டர திருகினதும் டப்பால சோழிய போட்டு குலுக்கின மாதிரி கலகலன்னு கேட்டா உடனே கொறைச்சிடுங்க, பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடி வெடிக்குது. பழைய பெட்ரோல், கரி படிஞ்ச சிலிண்டர், பெட்ரோல் கம்மியா போறது, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும். இரைச்சல்ல இது காதுல விழாமயே போகலாம், அதனால பிளக்க கழட்டி வெள்ளை பீங்கான பாருங்க, மிளகுத்தூள் தூவின மாதிரி பொடிப் பொடியா பளபளன்னு அலுமினியம் ஒட்டியிருந்தா உங்க பிஸ்டன் கரைய ஆரம்பிச்சாச்சு.

வளையும்போது மட்டும் இன்ஜின் திடீர்னு அலறி, படகோட வேகம் கொறைஞ்சா விசிறி காத்த இழுக்குது, மோட்டார் உயரமா மாட்டியிருக்கும், இல்ல ரொம்ப மேல சாய்ச்சிருப்பீங்க. நேரா போகும்போதும் இன்ஜின் கத்துது, படகு நகரலன்னா விசிறிக்கு உள்ள இருக்குற ரப்பர் வழுக்குதான்னு பாக்கணும்: நடு குழாய்லேர்ந்து வெளிப்பக்கம் வரைக்கும் நேரா ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டிட்டு வாங்க, கோடு ரெண்டா விலகியிருந்தா வழுக்கியிருக்கு. தடதடன்னு முழு போட்டும் ஆடினா இதழ் வளைஞ்சிருக்கும். இது எதுவும் இல்லாம ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் கடகடன்னா, சிரிக்காதீங்க, ஓடும்போது மூடிய கையால அழுத்திப் பாருங்க, அப்புறம் பின்பலகைய புடிச்சிருக்குற கிளாம்ப இறுக்குங்க. மூடி கொக்கியோட ரப்பர் தேஞ்சதுக்கு இன்ஜின பிரிச்ச ஆள எனக்கு தெரியும், அவர் பேர சொல்ல மாட்டேன், தினமும் கண்ணாடில பாக்குற மூஞ்சி தான்.

எல்லாம் சரியாகி நல்லா ஓடுற அன்னைக்கு மறக்காம போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி வைங்க, பச்சையா ஐடிலிங்ல கொஞ்சம், சூடானப்புறம் கொஞ்சம், கியர் போட்டு கொஞ்சம், போன எங்க வச்சு எடுத்தீங்கங்கறதையும் பேசியே சொல்லிடுங்க. அடுத்த வருஷம் "இது முன்னாடியே இருந்துச்சா, இப்ப தான் வருதா"ன்னு சந்தேகம் வர்ற அன்னைக்கு போனை அதே இடத்துல வச்சு இன்னொரு தடவ எடுத்து, ரெண்டையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போட்டு கேளுங்க.